ராத்திரி வண்டிக்கு விழித்திருப்பது யார்?

கேள்வி: எனக்கு 26 வயது. பி.காம். படித்திருக்கிறேன். சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் கிராமம். திருநெல்வேலியில் ஒரு லாரி அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முதலாளி அண்ணாச்சிக்குச் சொந்தமாக 11 லாரிகள். ஷெட் தச்சநல்லூர்ப் பக்கம். லாரி ரசீது போடுவது, இ-வே பில், பார்ட்டிகளிடம் (சரக்கு அனுப்புகிறவர்களிடம்) வாடகை வசூல் எல்லாம் என் பொறுப்பு. ராத்திரி 11 மணிக்கு டிரைவர் போன் செய்து "பில் முடியப் போகிறது" என்றால் வீட்டில் எழுந்து உட்கார்ந்து நீட்டித்துக் கொடுப்பதும் நான்தான். சென்ற மாதம் வண்டிகளையும் டிரைவர்களையும் மேற்பார்க்கும் டிராஃபிக் சூப்பர்வைசர் இடம் காலியானது. எனக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். எட்டு மாதத்துக்கு முன் சேர்ந்த, நானே வேலை கற்றுக்கொடுத்த பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டேன். "தாயி, டிரைவர்களோடு மல்லுக்கட்டுகிற வேலை பெண்பிள்ளைக்குச் சரிப்படாது. ராத்திரியில் வண்டி வரும், போகும். உன் பாதுகாப்புக்குத்தான் சொல்கிறேன்" என்றார் அண்ணாச்சி. அம்மாவோ, கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு லாரி ஆபீஸ் எதற்கு என்கிறார். இதற்கிடையே ஒரு டிரைவர் வேலை நேரம் முடிந்தபின் போன் செய்து தேவையில்லாமல் பேசுகிறார். சொன்னால் "இதற்குத்தான் அப்போதே சொன்னேன்" என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஹெவி லைசென்ஸ் எடுத்து அரசு பஸ்ஸுக்கு முயலட்டுமா, இங்கேயே இருந்து போராடட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேரன்மகாதேவி வட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

என் மகளுக்கும் உங்கள் வயதுதான். அதனால் கொஞ்சம் உரிமையோடே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ராத்திரி 11 மணிக்கு எழுந்து இ-வே பில் நீட்டித்துக் கொடுக்கும் அந்த வரி. லாரித் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம்: சரக்கோடு போகும் இந்த ஜி.எஸ்.டி. மின்னணுப் பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆயுள் கணக்கு. நம் ஊரிலிருந்து சென்னை சுமார் 620 கிலோமீட்டர், ஆக நான்கு நாள். கடைசி நாளின் நள்ளிரவோடு பில் செத்துவிடும். நீட்டிக்க வேண்டுமானால் அதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரைதான் கணினி இடம் கொடுக்கும். அதாவது மாலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணி வரை. பில் முடிந்த நிலையில் சோதனையில் வண்டி மாட்டினால் சரக்குக்கான வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் கேட்பார்கள். அது கட்டும் வரை வண்டி சாலையோரம் நிற்கும். திரும்பி வரும்போது ஏற்ற வேண்டிய ரிட்டர்ன் லோடும் கைவிட்டுப் போகும்.

ஆக, அந்த அலுவலகத்தின் ராத்திரி வேலையை நான்கு ஆண்டுகளாகப் பார்த்து வருவது நீங்கள். பெண்பிள்ளைக்கு ராத்திரி சரிப்படாது என்று அண்ணாச்சி சொன்ன அந்த ராத்திரிகளில் அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். சம்பளம் இல்லாத வரையில் ராத்திரி உங்களுக்குச் சரிப்பட்டிருக்கிறது. சம்பளமும் பதவியும் சேரும்போதுதான் பாதுகாப்பு நினைவுக்கு வந்திருக்கிறது.

இதை அவரிடம் இப்படியே சொல்லிவிடாதீர்கள். உண்மைதான், ஆனால் முதலாளிகள் தங்களைக் கெட்டவர்களாகக் காட்டும் உண்மையைக் கேட்டு மனம் மாறி நான் பார்த்ததில்லை. 1995-இல் ஒரு பார்சல் லாரி அலுவலகத்தில் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்து, கிளை மேலாளராகி, இப்போது சிறிய லாரி உரிமையாளர்களுக்குக் கணக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். இத்தனை ஆண்டில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: குறையாகச் சொன்னால் அனுதாபம் கிடைக்கும், எஸ்டிமேட்டாகக் கொடுத்தால் வேலை நடக்கும்.

எப்படிக் கற்றேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த ஷெட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலை எட்டரைக்குப் போனால் மாலை ஏழு வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். ஆண்டுக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு, காய்ச்சல், விடுப்பு. மூன்று ஆண்டு கேட்டேன். "பார்க்கலாம்மா" என்பார்கள். ஒரு நாள் எரிச்சலில் எங்கள் தெருக் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சுவரைக் காட்டினேன். ஒரு தகரக் கதவு, உள்தாழ்ப்பாள், ஒரு பைப், இரண்டு நாள் கூலி. அவர் பீடிக்கட்டு உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதித் தந்த தொகையோடு, நான் எடுத்த விடுப்பு நாட்களையும் அந்த நாட்களில் புக்கிங் தேங்கிய பார்சல்களையும் பக்கத்தில் எழுதி மேசையில் வைத்தேன். மறுநாள் செங்கல் இறங்கியது. அதே மனிதர், அதே ஷெட். கேட்ட விதம் மட்டும்தான் மாறியிருந்தது.

இதில் எனக்குக் கசப்பும் உண்டு. மனிதர்களுக்கு வேண்டிய ஒன்றை விடுப்புக் கணக்கு போட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்ற கசப்பு. ஆனால் கதவு கிடைத்தது.

இப்போது உங்கள் விஷயம். சூப்பர்வைசர் வேலையின் உயிர் எங்கே இருக்கிறது? மல்லுக்கட்டுவதில் இல்லை, டிரிப் கணக்கு முடிப்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கை நீங்கள் முழுதாகப் பார்க்கிறீர்களா, அல்லது ரசீதும் வாடகையும் மட்டும்தானா? கடிதத்தில் டீசல், பேட்டா, டயர் என்ற சொற்களே இல்லாததால் கேட்கிறேன். இல்லையென்றால் உங்கள் அடுத்த மூன்று மாதம் அதற்குத்தான்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துச் சக்கர டாரஸ் லாரி, சென்னை போய்வர 1,250 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்க வேண்டிய வண்டி என்றால் 312 லிட்டர் போதும். 3.5 தான் கொடுக்கிறது என்றால் 357. ஒரு டிரிப்பில் 45 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது நான்காயிரத்துக்குக் குறையாது. மாதம் நான்கு டிரிப், 11 வண்டி என்று பெருக்கிப் பாருங்கள்: ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டும். எல்லா வண்டியும் அப்படிக் குடிக்காதுதான். இரண்டு வண்டியைக் கண்டுபிடித்தாலே உங்கள் சம்பள உயர்வு அதில் அடங்கிவிடும். ஒரு நீள நோட்டில் வண்டிக்கு ஒரு பக்கம்: புறப்பட்ட மீட்டர், வந்த மீட்டர், ஊற்றிய டீசல், ஏற்றிய டன், வெறும் வண்டியாக ஓடிய தூரம், எங்கே எத்தனை மணி நேரம் லோடுக்காகக் காத்தது. காத்த நேரத்தை யாரும் எழுதுவதில்லை. பார்ட்டியிடம் ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்) கேட்டு வாங்க அதைவிட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. டீசல் குறைந்தது என்றதும் டிரைவர் திருடிவிட்டார் என்று ஆரம்பிக்கிற சூப்பர்வைசரிடம் எந்த டிரைவரும் அடுத்து உண்மை பேச மாட்டார். எங்கள் வண்டி ஒன்று திடீரென்று மூன்றரைக்குக் கீழே இறங்கியது. அலுவலகத்தில் எல்லோரும் டிரைவரைத்தான் பார்த்தார்கள். அவர் கோபப்படாமல் என்னை ஷெட்டுக்குள் அழைத்துப் போய், அப்போதுதான் வந்து நின்ற வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டச் சொன்னார். தொடக்கூட இல்லை, அடுப்படியில் கை வைத்ததுபோல் அனல் அடித்தது. அடுத்த சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பக்கம் பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. "அம்மா, நான் மிதிக்கிற டீசலை இது தின்கிறது" என்றார். அன்றைக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்ட பிறகுதான் டிரைவர்கள் என்னிடம் கணக்கு ஒப்படைக்க வந்தார்கள். அதுவரை பக்கத்து மேசைக்காரரைத் தேடிப் போவார்கள். காற்றழுத்தம் குறைந்த டயர், அதிக பாரம், கயத்தாறு, ஆரல்வாய்மொழி பக்கத்து எதிர்காற்று என்று மைலேஜ் குறைய எத்தனையோ வழி. டிரைவருக்கு உங்களிடம் வேண்டியது பேட்டா சரியாக, டிரிப் கணக்கு அன்றே, ஊருக்குப் போகும் நாள் சொன்னபடி. இதைச் செய்கிறவர் ஆணா பெண்ணா என்று இரண்டாவது மாதத்தில் யாரும் பார்ப்பதில்லை. முதல் மாதம் பார்ப்பார்கள்தான். அதை நீங்கள் கடந்துதான் ஆக வேண்டும்.

பார்ட்டிக்கு "முடியாது" சொல்வதும் அந்த வேலையில் உண்டு என்பதை மறக்காதீர்கள். இன்னும் மூன்று டன் ஏற்றிவிடுங்கள் என்பார்கள். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 என்று சட்டம் இருக்கிறது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றின் தேதி (வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுதோறும்), பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் 11 வண்டிக்கும் உங்கள் விரல் நுனியில் இருக்கட்டும்.

மூன்று மாத நோட்டு கையில் வந்த பிறகு அண்ணாச்சியிடம் ஒரு பக்க மனு கொடுங்கள். தீபாவளி, பொங்கல் லோடு நெருக்கத்தில் போகாதீர்கள். அப்போது எந்த லாரி முதலாளிக்கும் காது கேட்காது. அந்தப் பையனைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். நான்கு வண்டிகளை முழுப்பொறுப்பில் தாருங்கள், மூன்று மாதம் கழித்து மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று எழுதுங்கள். இ-வே பில் போர்ட்டலில் நீங்கள் ராத்திரியில் நீட்டித்த பில்களின் தேதி, நேரப் பட்டியலை இணையுங்கள். பிறகு ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று விலையோடு எழுதுங்கள்: ஷெட்டில் தாழ்ப்பாள் உள்ள அறை, கழிப்பறை, வாசலில் ஒரு கேமரா, ராத்திரி முறை வரும் நாட்களில் வீடு வரை வண்டி. டவுன் பஸ்ஸில் உங்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை, சரி. கடைசி பஸ் போன பிறகு அந்தச் சலுகை எதற்கு உதவும்? நான்கையும் கூட்டிப் பாருங்கள். பெரிய டயர் ஒன்றிரண்டின் விலைக்குள் முடிந்துவிடும் என்பது என் அனுமானம். பாதுகாப்பு என்று அவர் சொன்னது உண்மையான அக்கறையாக இருந்தால் அந்தத் தொகையைச் செலவழிப்பார். அக்கறை இல்லையென்றால் அதுவும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். "சரி, நீ இன்சார்ஜாகப் பார்" என்பார்கள். பெண்களுக்கென்றே நம் அலுவலகங்களில் உண்டாக்கி வைத்த பதவி அது. பொறுப்பு முழுதும் வரும், சம்பளம் பழையதுதான். என்னை நான்கு ஆண்டு இன்சார்ஜாகவே வைத்திருந்தார்கள். மூன்று மாதச் சோதனைக்கும் ஒரு தொகை, சோதனை முடியும் தேதி, இரண்டும் தாளில் இருக்க வேண்டும்.

பையனுக்குக் கற்றுக்கொடுத்ததற்காக வருத்தப்பட வேண்டாம். ஆனால் கற்றுக்கொடுத்தது நீங்கள் என்பது எங்காவது பதிவாகியிருக்கிறதா? நம் ஊர்க் கதை ஒன்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் தாமிரபரணி மேல் நிற்கும் பாலத்தைச் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டினார், 1843-இல் திறந்தார்கள். அதற்கு அவர் மனைவியும் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். பாலத்தில் இருப்பது கணவர் பெயர் மட்டும். இனிப் புதிதாக யார் சேர்ந்தாலும், பயிற்சி கொடுத்த தேதிகளை முதலாளிக்கு ஒரு வரிச் செய்தியாக அனுப்பிவிடுங்கள். நகைக்காவது சாட்சி இல்லாமல் போயிற்று, உங்கள் உழைப்புக்கு இருக்கட்டும்.

அந்த டிரைவரின் போன். இதில் பொறுமை வேண்டாம். முதலில் "அலுவலக விஷயம் இல்லாமல் அழைக்க வேண்டாம்" என்று எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள், அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள். அலுவலக வேலைக்குத் தனி சிம் கேளுங்கள். அது இன்றே கேட்கலாம், மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. தொடர்ந்தால் புகார். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், டிரைவர், கிளீனர் எல்லோரையும் சேர்த்துத்தான், புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும்; தலைமை ஒரு பெண்ணிடம். குழு அமைக்கவில்லை என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் நாட்களைக் கடத்தாதீர்கள். "இதற்குத்தான் சொன்னேன்" என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். தப்பு செய்தவருக்குப் பதில் உங்களை வீட்டுக்கு அனுப்புவது எந்த ஊர்க் கணக்கு?

ஹெவி லைசென்ஸ் பற்றி. எடுங்கள். வேலையை விட்டுவிட்டு எடுக்காதீர்கள். இலகு ரக லைசென்ஸ் கையில் வந்து ஓராண்டு ஆன பிறகுதான் கனரக வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் தருவார்கள். மருத்துவச் சான்றும் பயிற்சிப் பள்ளிச் சான்றும் வேண்டும். ஆகவே எப்படியும் ஓராண்டு அவகாசம் உங்களுக்கு இருக்கிறது. அதுவரை கார் லைசென்ஸே பயன்படும்: மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிகளை அதை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. கிளட்ச் எரிந்த வாசனை எப்படி இருக்கும் என்று தெரிந்தவரிடம் யாரும் கதை விட முடியாது. அதற்காகவே ஓட்டக் கற்க வேண்டும்.

அரசு பஸ் என்றதும் எல்லோரும் வசந்தகுமாரியைச் சொல்வார்கள். பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் 1993-இல் அரசு பஸ் ஓட்டுநராகச் சேர்ந்து 2017-இல் ஓய்வு பெற்றவர். அவர் மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு. ஆனால் முப்பது ஆண்டு கழித்தும் நம் பக்கத்தில் உதாரணத்துக்கு அதே ஒரு பெயரைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கதவு எவ்வளவு குறுகலாகத் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுவது உங்களுக்குப் பிடித்திருந்தால் ஆள் எடுக்கும் அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள், உயரம், வயது விதிகளை நிதானமாகப் படித்துவிட்டு. கோபத்தில் வேண்டாம். பணிமனைக்குப் போகக் கோபம் உங்களைக் காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடாது.

அதைவிட உங்களுக்கு நெருக்கமான கதவு ஒன்று கிழக்கே இருக்கிறது. தூத்துக்குடி துறைமுகம் ஐம்பது கிலோமீட்டர்தான். ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க வேலையை முடித்துக் கொடுக்கும் சுங்க முகவர் அலுவலகங்கள், கப்பல் முகவர்கள், கன்டெய்னர் நிலையங்கள் என்று எல்லா இடத்திலும் சரக்கு ஆவணம் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. அங்கே சுங்க முகவரிடம் சேர்ந்து, சுங்கத் துறை நடத்தும் தேர்வை எழுதி 'ஜி கார்டு' வாங்கினால், ஆவணங்களில் கையெழுத்திடும் தகுதி உங்கள் பெயரிலேயே வந்துவிடும். முதலாளி மாறினாலும் தேர்ச்சி உங்களுடையது. பி.காம். படித்து நான்கு ஆண்டு லாரி ஆவணம் பார்த்தவர் பயப்பட வேண்டிய பாடம் அதில் இல்லை. அண்ணாச்சி மனுவைத் தள்ளிவிட்டால் நான் போகச் சொல்வது அந்தப் பக்கம்தான். நோட்டையும் நகல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது அவருடைய கணக்கு. எழுதத் தெரிந்த கை மட்டும் போதும்.

அம்மாவிடம் ஒருநாள் சம்பளச் சீட்டைக் காட்டிப் பேசுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் லாரி ஆபீஸ் என்பதை மறைத்துக் கல்யாணம் பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். மறைத்தால் பிறகு ராத்திரி வரும் ஒவ்வொரு போனுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பேறுகாலம் வந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உங்கள் உரிமை. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். அது சலுகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து தினமும் விழுகிறதா என்பதைப் பாருங்கள். பாதி லாரி அலுவலகங்களில் பெண்கள் பெயர் பதிவேட்டிலேயே இருக்காது.

கடைசியாக ஒன்று. அந்தப் பையனுக்கு இ-வே பில் நீட்டிக்கக் கற்றுக்கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே கற்றுக்கொடுங்கள், டிரைவர்களிடம் உங்கள் எண்ணுக்குப் பதில் அவர் போன் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். சூப்பர்வைசர் அவர்தானே, ராத்திரி 11 மணிக்கு அவர் எழுந்திருக்கட்டும். ஒரு மாதம் போகட்டும். அண்ணாச்சி உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்; அன்றைக்கு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.